சாவுப் பெட்டியில் இருந்த நூலகம்

வைரக்கண்ணுவிடம் நான்கு நூலகங்களின் உறுப்பினர் அட்டைகள் இருக்கின்றன. அந்த நான்கில் ஒன்றிலும் அவரால் சேர்ந்தாற்போலக் கால் மணி நேரம் உட்கார முடியாது. நின்றுகொண்டே நாலு பக்கம் புரட்டுவார், கையெழுத்துப் போடுவார், வெளியே வந்துவிடுவார். படிப்பதெல்லாம் லோடு ஆட்டோவின் ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்துத்தான். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ஊரே ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருக்கும். அவர் கடலில் திமிங்கிலத்தோடு போய்க்கொண்டிருப்பார். கேட் திறந்ததும் திமிங்கிலம் பக்கத்து சீட்டில் விழும். அடுத்த முறை கேட் மூடும்போது அவர் கையில் இருப்பது வேறு புத்தகம்.

நீடாமங்கலம் நூலகத்தில் துப்பறியும் நாவல்கள் எடுப்பார். வலங்கைமானில் யாரும் தொடாத மொழிபெயர்ப்பு அலமாரி ஒன்று உண்டு, அதன் தூசியைத் தட்டுகிறவர் அவர் ஒருவர்தான். மயிலாடுதுறைப் பக்கம் வாடகை கிடைத்தால் அங்கே பயண நூல்கள். சொந்த ஊரின் ஊர்ப்புற நூலகத்தில் எது கிடைத்தாலும் சரி: வானியல், ஆட்டுக்கு வரும் நோய்கள், உப்பின் வரலாறு, சிறைக்குப் போனவர்களின் தன்வரலாறு. ஒன்றில் பாதியில் இருக்கும்போதே மற்றொன்று இழுக்கும். படிக்காமல் விட்ட பாதி அவரைத் தூங்க விடாது. ஆனாலும் திரும்பிப் போகமாட்டார். "ஒரு புத்தகத்தோட ஒழுங்கா குடும்பம் நடத்தத் தெரியல, என்னோட எப்படித்தான் இத்தன வருசம் ஓட்டுனீங்களோ" என்பது அவர் மனைவி எல்லையம்மாளின் கேலி.

அவர் தொழில் அப்படி. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, அதோடு இறந்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பெட்டிகள் இரண்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும் என்பதால், உடல் வீட்டைவிட்டுக் கிளம்பும்வரை பெட்டிக்காரரும் அங்கேயே கிடக்க வேண்டும். வைரக்கண்ணுவின் படிப்பில் முக்கால்வாசி சாவு வீட்டு வாசலில் நடந்ததுதான். ஒருமுறை நகைச்சுவைக் கதை ஒன்றைப் படித்து வாய்விட்டுச் சிரித்து, ஒப்பாரிக்கு நடுவே அடி வாங்கப் பார்த்தார். அதிலிருந்து சாவு வீட்டுக்கு என்று தனியாகச் சோகப் புத்தகங்கள் எடுத்துப் போகிறார்.

ஊர் வெண்ணாற்றின் கரையில் இருக்கிறது. அவருடைய அப்பா மேலத்தெருப் பண்ணையில் ஆளாக இருந்தவர். மகன் இன்று சொந்தமாக ஆட்டோவும், குத்தகைக்குக் கொஞ்சம் சம்பாவும் வைத்திருக்கிறார். பண்ணை வீட்டின் இன்றைய தலைவர் பகலவன், நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கும் தலைவர். பெயரை வைத்தவர் அவருடைய அப்பா. சாமி கும்பிடாத மனிதர், தாலி இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர். பெயர் மட்டும் மகனிடம் வந்து சேர்ந்தது. பகலவனும் வைரக்கண்ணுவும் ஒரே வயது. பகலவன் வைரக்கண்ணுவை 'நீ' என்பார், வைரக்கண்ணு பகலவனை 'ஐயா' என்பார். இது ஏன் என்று அந்த ஊரில் இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

கார்த்திகை அடைமழையில் ஒரு நாள் நூலகர் கமருன்னிஸா போன் செய்தார். ஓட்டுக் கட்டடம், வருடா வருடம் ஒழுகுவதுதான். இந்த முறை ஒரு பக்கச் சுவரே சாய்ந்துகொண்டிருந்தது. "அண்ணே, அலமாரிக்குள்ள தண்ணி வந்துட்டு. ஏதாவது தார்ப்பாய் இருந்தா எடுத்துட்டு வாங்க."

தார்ப்பாய் அத்தனையும் நெல் மூட்டைக்கும் உர மூட்டைக்கும் வாடகைக்குப் போயிருந்தன. வீட்டில் மிச்சம் இருந்தவை இரண்டு பெட்டிகள்தான். மூடியைச் சுற்றி ரப்பர் வைத்தவை; சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. வைரக்கண்ணு யோசிக்கவே இல்லை. இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனார்.

எல்லாவற்றையும் காப்பாற்ற இடமில்லை. எதை எடுப்பது என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. ஜனங்கள் கேட்டு வரும் தேர்வு வழிகாட்டிகள், சமையல், தொடர்கதை என்று கமருன்னிஸா எடுத்து வைத்தார். யாருமே கேட்காத புத்தகங்களுக்கு இந்த ஊரில் தன்னை விட்டால் நாதியில்லை என்று வைரக்கண்ணு அவற்றைத் திணித்தார். "நாதியத்ததுக்கெல்லாம் பொட்டி வாங்கி வச்சிருக்கறவர்தானே நீங்க" என்றார் கமருன்னிஸா. முழங்கால் தண்ணீரில் நின்றபடி இருவரும் சிரித்தார்கள். மறுநாள் அந்தச் சுவர் விழுந்துவிட்டது. எஞ்சியது பெட்டிகளுக்குள் இருந்த நூலகம் மட்டும்தான்.

மழை விட்டதும் ஊராட்சியின் சேவை மையக் கட்டடத்தில் ஒரு அறை தர ஒப்புக்கொண்டார்கள். அதற்கு வாசகர் வட்டத் தலைவரின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. வைரக்கண்ணு பெட்டிகளோடு பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றார். பகலவன் படியிலிருந்து இறங்கவில்லை.

"பொணம் வச்ச பொட்டியிலயா வச்ச?"

"கழுவித்தாங்க வச்சேன். ஒவ்வொரு தடவையும் பினாயில், ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுறதுதான்."

"எனக்கு ஒன்னும் இல்ல வைரக்கண்ணு. நான் இதெல்லாம் பாக்கறவன் இல்ல. ஆனா சனங்க தொடமாட்டாங்க."

இந்த 'எனக்கு ஒன்றும் இல்லை' என்ற மூன்று சொல் நாகரிகம்தான் இந்த நாட்டின் அத்தனை அசிங்கங்களுக்கும் காவல் நிற்கிறது. நேரடியாகத் தீட்டு என்று சொல்கிறவனோடு மோதலாம். தனக்கு ஒன்றும் இல்லை, ஊருக்காகப் பார்க்கிறேன் என்கிறவனை எங்கே பிடிப்பது? கிருமியைப் பற்றிக் கேட்டிருந்தால் வைரக்கண்ணுவிடம் பதில் இருந்தது. கேட்டது கிருமியைப் பற்றி இல்லை. சாவு விழுந்தால் நடுச்சாமத்தில் கூப்பிட்டு அந்தப் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துக்கொள்கிற வீடுகள்தான் அவை. பெட்டி ஆகும். பெட்டிக்காரர் கை வைத்த புத்தகம் ஆகாது. அந்தப் புத்தகங்களை வாங்கிய நூலக வரியோ வைரக்கண்ணுவின் தெற்குத் தெருக் குடிசைகளின் வீட்டு வரியோடும் சேர்த்தே வசூலானது.

கமருன்னிஸா மேலே விசாரித்து வந்து சொன்னார்: புதுப் புத்தகம் இப்போதைக்குக் கிடையாது. இருப்பவற்றைப் பொங்கலுக்குள் யாரும் எடுத்துப் படிக்காவிட்டால் சேதமானவை என்று கழித்து எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதோடு இந்த ஊரில் நூலகம் என்ற பேச்சும் முடிந்தது.

வைரக்கண்ணு ஆட்டோவில் பத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தார். யாரும் சண்டை போடவில்லை. "வைங்க, அப்பறம் பாக்கலாம்" என்றார்கள். "கண்ணு சரியில்ல" என்றார்கள். குரூப் தேர்வுக்குப் படிக்கும் தர்ஷினி என்ற பெண் ஆசையோடு கை நீட்டினாள். அவள் அம்மா உள்ளேயிருந்து பெயரைச் சொல்லி அழைத்ததும் கையை இழுத்துக்கொண்டாள். தெற்குத் தெருவிலும் சிலர் தயங்கியதுதான் அவரை அதிகமாகக் குத்தியது.

ஒரு நூலகமே இப்போது அவர் வீட்டுக் கொட்டகையில் இருந்தது. நேரம் பார்க்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம். ஆனால் ஒரு வரி ஓடவில்லை. பெட்டியைத் திறப்பார், ஒன்றை எடுப்பார், வைப்பார், அடுத்ததை எடுப்பார். எல்லையம்மாள் பார்த்துப் பார்த்து ஒரு நாள் சொன்னார்: "நீங்க ஒருத்தரே படிக்கிறதுக்கா அத்தன பொஸ்தவம்? அது நூலகம் இல்ல, குப்பை." வைரக்கண்ணு பெட்டியை மூடினார். முந்தியெல்லாம் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால் 'சும்மா அளக்கிறான்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் யார் அந்த ஆள் என்று நூலகத்தில் எல்லார் முகத்தையும் பார்ப்பார். இப்போது அப்படிப் பார்க்க எதிரே யாரும் இல்லை.

மார்கழிப் பிறப்பில் மறுபடியும் மழை பிடித்தது. ஆறு கரை புரண்டது, நீடாமங்கலம் சாலையில் தண்ணீர். அன்று காலை, வீட்டுப் பொறுப்பையெல்லாம் தம்பியிடம் விட்டிருந்த பகலவனின் அண்ணன் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் மகன் ரஞ்சித் சிங்கப்பூரில் இருந்தான். அவன் வரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும். வெளியூர்ப் பெட்டி எதுவும் தண்ணீரைத் தாண்டி வர முடியாது.

போன் வந்தபோது வைரக்கண்ணு கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அறையைக் கொடு, பெட்டியைத் தருகிறேன் என்று பேரம் பேசியிருக்கலாம். ஒரு நொடி அந்த எண்ணம் வந்தது உண்மை என்று அவரே சொல்வார். ஆனால் செத்த மனிதரை வைத்துப் பேரம் பேச அவருக்கு வாய் வரவில்லை. அவருக்கு வேறொரு சிக்கல் இருந்தது. கொட்டகையும் ஒழுக ஆரம்பித்திருந்தது. பெட்டியைக் காலி செய்தால் புத்தகங்களை வைக்க அவர் வீட்டில் நனையாத இடம் ஒரு முழம் கிடையாது. ஒன்று மக்கர் செய்தால் மற்றது உதவும் என்று பெட்டிகள் இரண்டையும் அப்படியே ஏற்றிக்கொண்டு பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பொட்டி காலியா இல்லீங்க. உள்ள இருக்கறத எங்க எறக்கட்டும்?"

வந்திருந்த பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூடத்தில் கணவரின் தலைமாட்டில் இருந்த ரெங்கம்மாள், இறந்தவரின் மனைவி, நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கயே எறக்கு. செத்த வீடு. இதுக்கு மேல என்ன தீட்டு வந்துடப் போவுது."

மூடநம்பிக்கையை அதன் கணக்கை வைத்தே மடக்குவதற்கு ஒரு விதவை தேவைப்பட்டார். புத்தகங்கள் கூடத்துச் சுவரை ஒட்டி வரிசையாக இறங்கின. அண்ணன் பெட்டிக்குள் போனார்.

ரஞ்சித் வந்து சேர இரண்டு நாள் ஆனது. கரண்ட் இல்லை, இருந்த ஜெனரேட்டர் பெட்டிக்கே சரியாக இருந்தது. போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. தண்ணீரில் அகப்பட்ட உறவுக் கூட்டம் எத்தனை நேரம்தான் மழையையே பார்த்துக்கொண்டிருக்கும்? முதலில் ஒரு சம்பந்தி மனிதர் விசிறிக்கொள்வதற்கு என்று ஒரு புத்தகத்தை எடுத்தார். விசிறுவது கொஞ்ச நேரத்தில் நின்றது. அடுப்பு மூட்டாத வீட்டில் இரண்டு பெண்கள் சமையல் புத்தகத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டு பசியை வளர்த்தார்கள். ஒரு கிழவர் துப்பறியும் நாவலில் மூழ்கி, கொலைகாரன் யாரென்று பக்கத்தில் இருந்தவன் சொல்லிவிட, பெட்டிக்கு முன்னாலேயே அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். தர்ஷினியின் அம்மா, ஆம், அதே அம்மா, வழிகாட்டி ஒன்றை முந்தானைக்குள் வைத்து எடுத்துப் போனதை வைரக்கண்ணு ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து பார்த்தார். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்.

உடல் போன பிறகு கமருன்னிஸா துக்கம் கேட்க வந்தார். சுவரோரம் இருந்த வரிசையில் பெரிய பெரிய ஓட்டைகள் விழுந்திருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டார். பொறுப்பு அவருடையது. "அண்ணே, பாதிய காணும். எல்லாம் திருட்டுப் போயிட்டு." வைரக்கண்ணு ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார்: "போவட்டும் மேடம். வீடு வீடாப் போய் பேர மட்டும் எழுதிக்குங்க." கமருன்னிஸா போனார். தொடமாட்டோம் என்ற வீடுகளில் பாதிக்கு மேல் பெயர் கொடுத்தன. படிப்பவர் பெயரில் இருக்கும் புத்தகத்தைக் கழிவில் சேர்க்க எந்த விதியும் இல்லை.

ஆனால் அறை கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்குள் மிச்சப் புத்தகங்களை அகற்றிவிட வேண்டும் என்று பகலவன் ஆள் அனுப்பினார். அறையைப் பற்றிக் கேட்டால் 'பார்க்கலாம்' என்று பதில். வைரக்கண்ணு மறுபடி ஆட்டோவோடு போய்க் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டிருந்தார். பெட்டிகளை இனியும் வாடகைக்கு விடாமல் அடைத்து வைக்க முடியாது; எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று அவருக்கே தெரியாது. உள் அறைக் கதவைத் திறந்துகொண்டு ரெங்கம்மாள் வந்தார். கையில் தடித்த நாவல் ஒன்று.

"இது பாதியிலேயே நிக்கிதே. மிச்சம் எங்க?"

"ரெண்டாம் பாகம் எங்கிட்டதாம்மா இருக்கு. படிச்சிட்டிருக்கேன்."

"எத்தன நாளா?"

வைரக்கண்ணு தலையைச் சொறிந்தார். "ஆடியிலேருந்து."

"வருசம் திரும்புற வரைக்கும் நான் வாசல் தாண்டக் கூடாதுங்கிறாங்க. நீ அதுவரைக்கும் படிப்ப போலருக்கே."

"முடிச்சிட்டு நானே கொண்டாந்து குடுத்துர்றேம்மா."

"நீ கொண்டார வேணாம். நான் வந்து வாங்கிக்கிறேன்." ரெங்கம்மாள் படியில் நின்ற கொழுந்தனாரைப் பார்த்தார். "எந்த எடத்துக்கு வரணும், தம்பி?"

பகலவன் அண்ணியைப் பார்த்தார், வெளியே நின்ற ஆட்டோவைப் பார்த்தார்.

"சேவை மையத்துக்குத்தான் அண்ணி."

அவர் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அறை திறந்த அன்று அவர் வரவில்லை, தலைவர் பதவியையும் விடவில்லை. ரெங்கம்மாள் வருடம் திரும்பக் காத்திருக்கப் போவதில்லை, பொங்கல் கழிந்த முதல் திங்கள் வருவதாகக் கமருன்னிஸாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மேலத்தெருவில் இதைப் பற்றி முணுமுணுப்பு இருக்கிறது.

வைரக்கண்ணுவின் நிம்மதி போய்விட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புத்தகத்தை அவர் முடித்தே ஆக வேண்டும். திங்களுக்கு முந்தின நாள், நாற்காலி ஏற்றிக்கொண்டு வரும் வழியில் நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போனது, எஞ்சின் ஒன்று திரும்பி வந்தது. கேட் திறந்தது. இன்னும் ஒரு அத்தியாயம் இருந்தது. பின்னால் தஞ்சாவூர் பஸ் ஹாரன் அடித்தது, அதன் டிரைவர் தலையை நீட்டி ஏதோ கத்தினார். வைரக்கண்ணு ஆட்டோவை ஓரம் கட்டி, கையை வெளியே நீட்டி எல்லோரையும் போகச் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.