‘ரம்’ என்று முடியும் ஊர்

மாமாவின் புகைப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கறுப்பு வெள்ளை, உள்ளங்கை அகலம்தான். ஏதோ ஓர் ஆயுத பூஜையன்று அவர் வேலை பார்த்த ஆலையில் எடுத்தது. வேகனுக்குக்கூட மாலை போட்டிருக்கிறார்கள். ரயில் டேங்க் வேகன் ஒன்றின் முன்னால் வெள்ளைச் சட்டையும் காக்கிப் பேன்ட்டுமாக மாமா நிற்கிறார். இரண்டு கண்ணும் நன்றாக இருந்த காலம். அவர் தலைக்குப் பின்னால், வேகனின் வயிற்றில், சுண்ணாம்பால் கையால் எழுதிய ஒரு சொல். அதன் முன்பகுதியை மாமாவின் தலை மறைத்துவிட்டது. மிச்சம் தெரிவது இரண்டே எழுத்து: ‘ரம்’. இந்த இரண்டு எழுத்தை நம்பி நான் ஆறு மாதம் அலைந்தேன்.

அலைந்த காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடலூரில் இன்சூரன்ஸ் வேலை பார்க்கும் நான், ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பெட்டி செய்கிறவன். நிஜப் பெட்டியை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வேன். முக்கால் இஞ்ச் பிவிசி குழாய் டேங்க் ஆகும், ஸ்டேப்ளர் பின் ஏணிப்படி ஆகும். “அம்பது வயசுல சொப்பு வச்சு வெளையாடறாரு” என்று என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். செய்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. அந்த வண்டி அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பயணிகள் ரயிலை ஆயிரம் பேர் படம் எடுத்திருக்கிறார்கள். ரசாயன வேகனை யார் நின்று எடுப்பார்கள்? மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர்கூடச் சரியாகக் கிடையாது. உள்ளே இருப்பது அமிலமோ, எண்ணெயோ, சர்க்கரை ஆலைப் பாகோ, எல்லாமே ‘ஆசிட் வண்டி’தான்.

மாமா என் அம்மாவின் தம்பி. மீட்டர் கேஜ் காலத்தில், ஆலைக்குள் பிரிந்து போகும் தண்டவாளத்தில் வந்து நிற்கும் டேங்க் வேகன்களிலிருந்து சரக்கு இறக்குவது அவர் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழில் படித்தவர். அதில் பெருமை ஜாஸ்தி. லீவு என்று சொல்ல மாட்டார், ‘விடுப்பு’ என்பார். சைக்கிள் பஞ்சர் ஆனால்கூட ‘துளை விழுந்துடுச்சு’ என்பார். தெருவே சிரிக்கும், அவருக்கு ரோஷம் வராது.

ஒரு நாள் வலது கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். மாமிக்கு அப்போது நிறைமாதம். பதறிப்போய் என்ன ஏது என்று கேட்டவரிடம், “ஒண்ணுமில்ல, கண்ணுல காரம் பட்டுடுச்சு” என்று மட்டும் சொன்னார். அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவே இல்லை. அன்று காலை மாமி கட்டிக் கொடுத்தது பச்சை மிளகாய்த் துவையல். சாப்பிட்ட கையால் கண்ணைக் கசக்கியிருக்கிறார், புண்ணாகிச் சீழ் பிடித்துவிட்டது என்று அவரைக் கேட்காமலே குடும்பம் முடிவு கட்டியது. பிள்ளை பிறந்தது. அதன்பின் மாமி வீட்டு அடுப்பில் மிளகாய் ஏறவில்லை. மிளகுகூட ஒப்புக்குத்தான். பெருநாள் பிரியாணியே காய்ச்சல்காரன் கஞ்சிக்குத் தம்பி மாதிரி இருக்கும். மாமா ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டைக் காலி செய்வார். சிதம்பரத்துக்குக் குடிபோன பிறகு, நான் போனால் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் மிளகாய் பஜ்ஜி வாங்குவார். எனக்கு ஒன்று, அவருக்கு மூன்று. “மாமிகிட்ட மூச்சு விடாத” என்பார்.

மாமா மவுத்தாகி, மாமி நாலு மாதம் பத்து நாள் துக்கம் காத்து இத்தா இருந்து முடிந்ததும் பார்க்கப் போனேன். ரயில் பைத்தியமாயிற்றே என்று இந்தப் புகைப்படத்தைக் கொடுத்தவர் அவர்தான். கொடுத்துவிட்டு, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அவுங்க கண்ண அவிச்சது என் கைதான்டா. மன்னிச்சிடுங்கன்னு ஒரு நாளு நான் வாய் தொறந்து கேக்கல. கேக்கறதுக்குள்ள போயிட்டாங்க.” விடுங்க மாமி என்றேன்.

அந்த வேகனைச் செய்து மாமிக்கே கொடுப்பது என்று முடிவு செய்தேன். ‘ரம்’ என்று முடியும் சொல் சரக்கு போய்ச் சேரும் ஊராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். விழுப்புரமும் உண்டுதான், ஆனால் மாமா குடியிருந்த ஊர் என்பதால் மனசு சிதம்பரத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது. சிதம்பரம் ஸ்டேஷனில் விசாரித்தேன். “இங்க எறங்குறது நடராஜர பாக்க வர்ற ஜனம்தான் சார், ஆசிட்டெல்லாம் எறங்காது” என்றார் ஒருவர். பழைய ஆட்களைத் தேடினேன், வாட்ஸப் குழுக்களில் கெஞ்சினேன். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. பொறுமை போய், பக்கவாட்டில் ‘சிதம்பரம்’ என்று அழகாக எழுதி, கொண்டுபோய்க் கொடுத்தேவிட்டேன். மாமி அதை ஃப்ரிட்ஜின் மேல் வைத்து, “எங்க ஊரு பேரு போட்ட வண்டி” என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அதற்கப்புறம்தான் திருவந்திபுரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வேகன் பரிசோதகர் ஒருவரைப் பற்றித் தெரிந்தது. அவர் என் சிதம்பரக் கதையைக் கேட்டுவிட்டு, லென்ஸை வைத்துப் படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னா பாய், ஒரு தலைக்குப் பின்னால ‘சிதம்ப’ன்னு நாலு எழுத்து எப்டி ஒளியும்? உங்க மாமா தலை என்ன அண்டாவா?”

பிறகு மாமாவின் முழங்கால் பக்கம் விரலை வைத்தார். “இது என்னா?”

“பிரேக் பைப்புன்னு நெனச்சேன் சார்.”

“அடிவால்வு. ஆசிட் வண்டிக்கு அடியில வால்வு வைக்க மாட்டான், மேல வழியாத்தான் எடுப்பான். ஆசிட்டு கனம் ஜாஸ்தி, அதுக்கு டேங்கும் இவ்ளோ பெரிசா வராது. உங்க மாமா கம்பெனிக்கு வந்தது காஸ்டிக் சோடா பாய். அதுக்குத் தமிழ்ல என்னா சொல்வாங்க?”

“காரம்” என்று என் வாய் தானாகச் சொன்னது. அமிலம், காரம், லிட்மஸ் தாள். எட்டாம் வகுப்பில் படித்தது. ‘கா’ ஒரே எழுத்து. ஒரு தலைக்குப் பின்னால் தாராளமாக ஒளியும்.

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனார்: “கண்ணுல பட்டா ஆசிட்ட விட மோசம் அது. உள்ளயே எறங்கிக்கிட்டுப் போவும்.” அவர் கொடுத்த காபியைக் குடித்தேனா இல்லையா என்று இப்போது நினைவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மனிதர் பொய்யும் சொல்லவில்லையே! நிறைமாதக்காரியைப் பயமுறுத்தக் கூடாது என்று ஆலை பெயரை எடுக்காமல், உண்மையைச் சுத்தத் தமிழில் சொல்லியிருக்கிறார். மாமி அதைச் சமையல்கட்டுத் தமிழில் கேட்டுக்கொண்டார். மிளகாய் ஏன் நின்றது என்று மாமாவும் கேட்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று இருந்திருப்பார். கண் எப்படிப் போனது என்று மாமியும் மறுபடி கேட்கவில்லை. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், முப்பது வருஷம் இழுத்துவிட்டது.

இறந்துபோனவர் விஷயத்தை இனிமேல் கிளறுவதா என்று எனக்குத் தயக்கம். மனைவிதான் தீர்த்து வைத்தாள். “சொன்னா மாமா மேல கொஞ்சம் கோவம் வரும். சொல்லலன்னா நான்தான் கண்ண எடுத்தேன்னு நெனச்சுக்கிட்டே மாமி மவுத்தாவாங்க. எது தேவலாம்?”

மறுநாளே சிதம்பரம் போனேன். ஃப்ரிட்ஜ் மேலிருந்து வேகனை எடுத்துப் பெயரைச் சுரண்டத் தொடங்கியதும் மாமி பதறினார். “ஏன்டா, எங்க ஊரு பேர எதுக்கு அழிக்கிற?”

புகைப்படத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டியில இருந்த காரமா?”

“ஆமாம் மாமி.”

“மொளகா இல்ல?”

“இல்ல மாமி. உங்க தொவையலுக்கும் அந்தக் கண்ணுக்கும் சம்பந்தமே இல்ல.”

அடுப்பில் குக்கர் இரண்டு விசில் அடித்தது. அணைக்க எழுந்திருக்கவில்லை. மூன்றாவது விசிலில் மாமி வெடித்தார்.

“அடப் பாவி மனுசா! காஸ்டிக்கு காஸ்டிக்குன்னு ஊரே சொல்லுது, உங்களுக்கு மட்டும் தமிழு பொங்கி வழிஞ்சுதாக்கும்! யா அல்லாஹ், எனக்கே நாக்கு செத்துப்போச்சேடா!” கத்திக்கொண்டே அழுதார். அவ்வளவு சத்தமாக அவர் அழுது நான் பார்த்ததில்லை. மாமாவின் மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்த அன்றுகூட இல்லை. தேற்றும் சாக்கில் மிளகாய் பஜ்ஜி விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டார். “தெரியும்டா. சட்டையில எண்ண வாசன வருமே. பாவம், தின்னுட்டுப் போவட்டும்னு உட்டுட்டேன்.”

வேகன் இப்போது மறுபடியும் ஃப்ரிட்ஜின் மேல் நிற்கிறது. அடிவால்வு வைத்துவிட்டேன்; டேங்கின் வயிற்றில் வெள்ளைப் பெயின்ட்டால் ‘காரம்’ என்று முழுசாக எழுதியாகிவிட்டது. புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார் மாமி. அதில் மாமா அந்த ஓர் எழுத்தைத் தலையால் மறைத்துக்கொண்டு அப்படியேதான் நிற்கிறார்.

போன வாரம் போயிருந்தேன். சோறு, மீன் குழம்பு, தட்டின் ஓரத்தில் பச்சை மிளகாய்த் துவையல். முப்பது வருஷத்துக்கும் சேர்த்து அரைத்திருந்தார். இரண்டாவது கவளத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினேன்.

“டேய், கைய எறக்கு!” என்று மாமி அதட்டினார். பிறகு தன் முந்தானை நுனியை எடுத்து என்னிடம் நீட்டினார்.