சக்கைக்குப் பதில் சாம்பல்

காலை 6.10. ஆவடியில் மின்சார ரயில் ஏறி, திருத்தணியில் நகரி பஸ் பிடித்தேன். வெயிலின் சக்தி செடிக்குப் போய், செடியிலிருந்து நமக்கு வருவதை இருபது வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் கற்பிக்கிறேன். அந்த அம்பை ஒருமுறையாவது நேரில் பார்க்க ஆசை. கரும்புச்சாற்றைக் கரும்புச் சக்கையாலேயே காய்ச்சும் வெல்ல ஆலை நகரிக்கு அப்பால் இருக்கிறது என்று சக ஆசிரியர் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

8.45. நகரியிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். ஆலைக்காரர் முனிரத்தினம் “வாங்க சார்” என்றாரே தவிர முகத்தில் ஈயாடவில்லை. இரவு மழையில் தார்ப்பாய் கிழிந்து சக்கைப் போர் நனைந்திருந்தது. வெட்டிய கரும்பு காத்திருக்காது என்பதால், மிச்சமிருந்த காய்ந்த சக்கையை நம்பி அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். கொப்பரையில் ஒரு வண்டிக் கரும்பின் சாறு கொதித்துக்கொண்டிருந்தது.

“நடுவுல அனல் எறங்கிச்சின்னா வெல்லம் புடிக்காது சார். அப்பறம் மாட்டுக்குத்தான் ஊத்தணும்.”

9.50. காய்ந்தது தீர்ந்தது. ஈரச் சக்கை புகைந்ததே தவிர எரியவில்லை. கொப்பரையில் கொதி அடங்கத் தொடங்கியது. முனிரத்தினம் பக்கத்து ஆலைக்கு போன் போட்டார். அந்த ஆலையின் சொந்தக்காரி தேசம்மா, மொபெட்டின் இரண்டு பக்கமும் காய்ந்த சக்கை மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“இன்னாண்ணே, மழ வருதுன்னு போனு நேத்தே கத்திக்கினு இருந்திச்சே, தூங்கிக்கினு இருந்தியா?”

திட்டிக்கொண்டே மூன்று நடை மூட்டை கொண்டுவந்தாள். நானும் சும்மா இருக்காமல் சக்கையைத் தள்ளி, முன்கை முடியைப் பொசுக்கிக்கொண்டேன்.

11.20. முனிரத்தினம் ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினார். உருண்டது. மூன்று பேருக்கும் ஒன்றாகப் பெருமூச்சு வந்தது.

“வாங்கின சக்கையை எப்போது திருப்பித் தருவீர்கள்?” என்று கேட்டேன்.

முனிரத்தினம் சிரித்தார். “அத யாரு சார் கேக்கறாங்க? யாரு சக்க எரியுதோ, சாம்பல் அவங்களுது. இங்க அப்பிடித்தான்.”

“போன தபா என் சாம்பல இவரு வாழைக்குக் கொட்டிக்கினாரு,” என்றாள் தேசம்மா. “இந்தத் தபா ஆறினதும் நானே அள்ளிக்கினு போவேன். என் நெலத்துல வெளஞ்ச கரும்பு, அதோட சத்து என் நெலத்துக்குத்தான வரணும்?”

எனக்குச் சுருக்கென்றது. எரிந்த சூடு போனது போனதுதான், அதை அவள் கேட்கவில்லை. மண்ணின் சத்தை மட்டும் கேட்டாள். நான் சூட்டையும் சத்தையும் ஒரே அம்பில் வரைந்து வந்திருக்கிறேன்.

2.15. முனிரத்தினம் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்த இரண்டு உருண்டை வெல்லத்தோடு பஸ் ஏறினேன். திருத்தணி வருவதற்குள் அதன் கதகதப்பு போய்விட்டது. கொஞ்சம் பிட்டு வாயில் போட்டேன், அருமையான ருசி. அந்தக் கரும்பு விளைந்த நிலத்துச் சத்தும் துளி அதில் இருக்கும். அது ஆவடியில் எங்கள் அடுக்குமாடியின் சாக்கடை வழியாகக் கூவத்துக்குப் போகும். தேசம்மா தன் சாம்பலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். என்னிடம் யாரும் எதையும் திருப்பிக் கேட்கவில்லை.