மன்னாரில் நான் விற்ற வேதாகமங்கள்

வேதாகமம் விற்பவனிடம் 'இருக்கா?' என்று கேட்பவர்கள் குறைவு, 'எது சரியானது?' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். யுத்த காலத்தில் மன்னார்ப் பட்டினத்தில், மாதா கோயிலோடு ஒட்டிய சின்னப் புத்தகக் கடையொன்றில் பல வருடம் இருந்தவன் நான். பழைய மொழிபெயர்ப்பு, புதிய மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கருடையது, மற்றச் சபையாருடையது, பக்கத்துக்குப் பக்கம் கீழே விளக்கம் போட்டது என்று அலுமாரி நிறைய இருக்கும். அப்படியொரு அலுமாரிக்கு முன்னால் நின்று, ஒன்றை எடுத்து, வைத்து, மற்றதை எடுத்துத் தலை சுற்றிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கவலைப்படாதீர்கள், கடைக்காரனுக்கும் அதே சுற்றுத்தான்.

தடிப்பும் மெல்லிசும்

கிழிந்த வேதாகமங்களை உப்புக்குளத்துக் காசீம் நானாவிடம் அட்டை கட்டக் கொடுப்போம். கை கழுவாமல் அவர் அவற்றைத் தொடமாட்டார். நிலத்தில் வைக்கவும் மாட்டார். ஒருநாள் இரண்டைத் தூக்கிக்கொண்டு முகம் வாடி வந்தார். "தம்பி, இது தடிப்பா இருக்கு, இது மெல்லிசா இருக்கு. என்ட கையால தாள் கீள் தவறிட்டோ?" என்று கேட்டார். கத்தோலிக்க வேதாகமத்தில் ஏழு புத்தகங்கள் கூட இருக்கும், மற்றச் சபையார் அவற்றைச் சேர்ப்பதில்லை என்று விளங்கப்படுத்தினேன். மனிதர் இரண்டு நாளாக வீடு முழுக்கத் தாள் தேடியிருக்கிறார்.

பிறகு, முஸ்லிம் சனம் முழுவதும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று ஆயுதம் தாங்கிய இயக்கத்திடமிருந்து கட்டளை வந்த அந்த நாள். தெருவெல்லாம் மூட்டையும் பிள்ளைகளுமாகச் சனம் போய்க்கொண்டிருந்தது. கொண்டுபோக விட்டது கொஞ்சம். அதைக் கட்டவும் நேரம் இல்லை. அந்த அவதியில் காசீம் நானா கடைக்குள் வந்து, தான் உடுக்கும் சாரமொன்றில் சுற்றியிருந்த மூன்று வேதாகமங்களை மேசையில் வைத்தார். நான் கட்டக் கொடுத்தவை. அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "ஆகக் கீழ இருக்கிறதுக்குப் பசை காயல்ல தம்பி, ரெண்டு நாளைக்குத் தொறக்காதீங்க."

சாப்பிடக் கூப்பிட்ட குரல்

கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயம் எரிந்த பிறகு மலைநாட்டிலிருந்து வந்து, முருங்கன் பக்கம் கூலி வேலை செய்தவர் சவரிமுத்து. அவருக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போகும் மகள் வாசித்துக் காட்டுவதற்காக ஒரு வேதாகமம் வேண்டும் என்றார். எது வேண்டும் என்றேன். "ரெண்டுலயும் ஒரே எடத்த வாசிங்க, கேட்டுப் பாக்குறேன்" என்றார். உயிர்த்த இயேசு கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு சீடர்களைக் கூப்பிடும் இடத்தைப் பழையதில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். பழையதைத் திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு புதியதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

பழைய தமிழ்தான் வேதத்துக்கு அழகு என்று வருபவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "அதுல சாமி தொரை மாதிரி பேசுறாருங்க, இதுல நம்ம ஆளு மாதிரி சாப்புடக் கூப்புடுறாரு."

இருபத்திரண்டு

பேசாலையைச் சேர்ந்த திரேசம்மாவின் மகனை இராணுவத்தார் பிடித்துத் தெற்கில் தடுத்து வைத்திருந்தார்கள். மாதக் கணக்காகச் செய்தி இல்லை. கடைசியில் ஒரு தபாலட்டை வந்தது. 'சுகமாயிருக்கிறன். ஒவ்வொரு நாளும் 22ஆம் சங்கீதம் வாசிக்கிறன்.' வேறொன்றும் இல்லை. வீட்டில் இருந்தது நான் விற்ற புதிய மொழிபெயர்ப்பு. அதில், சங்கீதம் என்னும் வேதப் பாட்டுகளில் 22ஐப் புரட்டினால், கடவுளும் கைவிட்ட ஒரு மனிதனின் கதறல். எலும்புகளை எண்ணலாம் போல உடம்பு. தாய் அன்றோடு சாப்பாட்டை விட்டுவிட்டா.

மகள் அஞ்சலா கடைக்கு வந்தா. "பெரிய விளக்கம் போட்ட வேதாகமம் இருக்கோ? அண்ணாவை என்ன செய்யினம் எண்டு எங்களுக்கு விளங்க வேணும்." விளக்கமுள்ளதை எடுத்து 22ஆம் சங்கீதத்தின் கீழே பார்த்தேன். குறிப்பின் முதல் வரியிலேயே, பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் இந்த இடத்தில் சங்கீத எண் ஒன்று குறைந்து வரும் என்றிருந்தது. அலுமாரியின் மேல் தட்டிலிருந்து பழைய பதிப்பை இறக்கினேன். அதில் 22, புதியதில் 23ஆக வரும் மேய்ப்பரின் சங்கீதம். கடவுள் மேய்ப்பராகிப் படுக்க வைக்கும் புல்வெளி, அமைதியான தண்ணீர். ஆனால் மகனின் கையில் இருப்பது எது? பொய் நம்பிக்கை கொடுக்க எனக்குப் பயம். "எதுக்கும் ஒருக்கா எழுதிக் கேளுங்கோ, தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன்.

ஐந்து கிழமை கழித்துத் தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். பதில் வந்திருந்தது. சிறைக்கு வந்த கன்னியாஸ்திரி ஒருவர் அட்டையில்லாத பழைய வேதாகமம் கொடுத்தாவாம். அம்மாவுக்குப் பிடித்த மேய்ப்பர் சங்கீதத்தைத்தான் வாசிக்கிறானாம். அவன் விடுதலையாகி வர இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. ஆனால் அன்று, திரேசம்மா பழைய பதிப்பை விரித்து அந்தப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, நான் கதிரையிலிருந்து என்னையறியாமல் எழும்பிவிட்டேன். "என்ட பிள்ளை அழேல்ல, தம்பி," என்றா, "அவன் புல்லில படுத்திருக்கிறான்."

இத்தனைக்கும், இந்த வேலைக்கு நான் ஓம் சொன்னது, புத்தகக் கடையென்றால் ஒரு தொல்லையும் கரைச்சலும் இராது என்று நினைத்துத்தான்.