கையெழுத்துப் போடாத வெள்ளிக்கிழமை

சென்ற வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வைத்து ஒருத்திக்கு நன்றி சொன்னேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

என்னோடு கட்டடக்கலையில் முதுகலை படித்தவர்கள் ஏழு பேர், பல வருஷங்களுக்குப் பிறகு ஒன்றாகச் சாப்பிடக் கூடியிருந்தோம். எனக்கு எதிரில் சியூ லிங். சாலாக் செலாத்தான் பக்கத்துச் சீனப் பெண். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு வகுப்புல என்னை அழ வச்சியே, அதுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்றேன். மலாயும் ஆங்கிலமும் கலந்த எங்கள் பழைய பாஷையில்தான்.

"எந்த வகுப்பு? நான் ஒண்ணும் செய்யலையே லா" என்றாள். நிஜமாகவே நினைவில்லை. அப்பளத்துக்குக் கையை நீட்டிவிட்டாள்.

எத்தனை வருஷமாக நான் மனத்தில் வைத்திருக்கும் விஷயம்... அவளுக்கு நினைவில்லாவிட்டால் என்ன? உங்களிடம் சொல்கிறேன்.

முதல் பட்டம் முடித்த கையோடு செராஸில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். நான்கு வருஷம் வேலை. வரைபடம் போடுவேன், சைட்டுக்குப் போவேன், டைல்ஸ் கடைக்காரரோடு சண்டை போடுவேன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஆனால் நம் நாட்டில் இரண்டாவது படிப்பையும் அதன் பிறகு ஒரு தொழில் தேர்வையும் தாண்டினால்தான், சொந்தப் பெயரில் கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட முடியும். அந்தக் காகிதத்துக்காகத்தான் மறுபடியும் படிக்கப் போனேன். அறிவுக்காகப் போனேன் என்று சொல்ல ஆசைதான் — பொய் சொல்லக்கூடாது இல்லையா?

வியாழக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்த கையோடு, தொழில் நடைமுறை என்று ஒரு பாடம். ஒப்பந்தம், சட்டம், சான்றிதழ். பாதி வகுப்பு தூங்கும். நான் அந்தப் பாதியில் இருந்தேன்.

ஒரு வியாழன், தூக்கத்தைக் கலைப்பதற்காகவோ என்னவோ, ஒரு நாடகம் போடச் சொன்னார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் நான் ஆர்க்கிடெக்ட். சியூ லிங் கன்ட்ரேக்டர். கட்டடத்தின் படிக்கட்டு வரைபடத்தில் உள்ளதைவிடக் குறுகலாகக் கட்டப்பட்டிருக்கிறது. வேலை முடிந்தது என்று நான் சான்றிதழ் தர வேண்டுமா, கூடாதா?

கூடாது. இதில் என்ன கஷ்டம்?

அதுவரை வாயே திறக்காத சியூ லிங் எழுந்து நின்றாள். மேசையில் ஓங்கித் தட்டினாள். "உனக்கு சைட்ல எத்தனை வருஷம்? எல்லாரும் சைன் பண்றாங்க, உனக்கு மட்டும் என்ன? நாளைக்கு என் வேலையாளுங்க சும்மா நிக்கணுமா? அவங்க பிள்ளைங்களுக்கு நீ சோறு போடுவியா?" அவள் அப்பா நிஜமாகவே வீடு புதுப்பிக்கும் கன்ட்ரேக்டர் என்பது எனக்கு அப்போது தெரியாது. முகம் சூடாகிவிட்டது. விளக்கம் சொன்னேன். மறுபடியும் விளக்கினேன். மூன்றாவது முறை விளக்கும்போது குரல் உடைந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆமாம், விளையாட்டில்தான். ஆனாலும் போட்டேன். அவள் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தேங்க்யூ. இனிமே ஏதாவது ஆச்சுன்னா உன் வீட்டுக்குத்தான் வருவாங்க. என் வீட்டுக்கு இல்ல" என்றாள்.

வகுப்பே சிரித்தது. நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை.

பிறகு ஒரு நாள் கேன்டீனில் இரண்டு கோப்பை தே தாரிக் டீயோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "எங்க அப்பாகிட்ட மாட்டிக்கிட்டு ஒரு ஆர்க்கிடெக்ட் அழுததைப் பார்த்திருக்கேன். பாவமா இருந்துச்சு. நீ அப்படி ஆகக்கூடாது. வா, மறுபடி போடலாம்."

அந்த வாரம் மூன்று சாயந்திரம் அதே சண்டையைப் போட்டோம். பக்கத்து மேசைக்காரர்கள் நிஜச் சண்டை என்று நினைத்து இடம் மாறினார்கள். மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடிபட்டது. கத்த வேண்டாம். காரணத்தை ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டாம். போட மாட்டேன் என்பதோடு நிறுத்தவும் வேண்டாம் — எதைச் சரிசெய்தால் போடுவேன் என்பதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

படிப்பு முடிந்தது. தொழில் தேர்வும் முடிந்தது. கல்யாணமும் ஆனது. நான் சொந்தமாக ஒரு சிறிய அலுவலகம் வைத்த வருஷம், கிள்ளானில் என் கணவரின் தாய்மாமா, சந்திரன் மாமா, ஒரு பாலர் பள்ளி தொடங்க முடிவு செய்தார். கீழே கடை, மேலே வீடு என்றிருக்கும் ஒரு கடைவீட்டின் முதல் மாடி. "வெளியாள் எதுக்கு? நம்ம வீட்டு மருமகளே இருக்கா" என்று என்னிடம் கொடுத்தார். பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை திறப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பார்வைக்குப் போனேன். வாசலில் பதாகை கட்டியாகிவிட்டது. குட்டி நாற்காலிகள் வரிசையாக இருந்தன. பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினேன். கீழே, உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் கதவு என்று நான் வரைந்திருந்த இடத்தில், ஒரு இரும்புக் கிரில். அதில் என் உள்ளங்கை அளவு ஒரு பூட்டு.

"பின்னால சந்து இருக்கு, அக்கா. திருட்டுப் பயம். மாமாதான் போடச் சொன்னாரு" என்றார் கன்ட்ரேக்டர் முரளி.

"தீப்பிடிச்சா பிள்ளைங்க எப்படி வெளிய வருவாங்க?"

கூடவே இறங்கி வந்திருந்த மாமா குறுக்கிட்டார். "சாவி டீச்சர்கிட்ட இருக்கும்மா."

"டீச்சர் அன்னைக்கு லீவுன்னா?"

"இன்னொரு சாவி ஆபீஸ்ல ஆணியில தொங்கும்."

"புகையில ஆணி தெரியுமா மாமா?"

மாமாவின் முகம் மாறியது. முரளி மெதுவாகச் சொன்னார்: "அக்கா, எல்லாரும் சைன் பண்றாங்க. உங்களுக்கு மட்டும் என்னக்கா?"

அச்சு அசலாக அதே வசனம். பயத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

"கிரில் இருக்கிற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் மாமா. எதை மாத்தினா போடுவேன்னு இப்பவே எழுதித் தரேன்." எழுதினேன். ஐந்தே வரி.

"நாப்பது பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் மாமா. நான் மறுபடி விளக்கவில்லை. தாளை அவரிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினேன்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் மாமியாரின் போன் வந்துவிட்டது. என் கணவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அம்மாவுக்கு என்ன சொல்லட்டும்?" என்றார்.

"கதவு மாறட்டும், கையெழுத்து வரும்னு சொல்லுங்க."

அவர் அப்படியே சொன்னார். அதற்கு அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

திறப்பு ஒன்பது நாள் தள்ளிப்போனது. அந்த ஒன்பது நாளும் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. சொந்தத்தில் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு எங்களை அழைக்கவில்லை. நான் செய்தது சரிதான் என்று தெரியும் — தெரிந்தால் மட்டும் வலிக்காதா என்ன?

ஒரு விஷயம் யோசித்தேன். அலுவலகத்தில் வேலை செய்த நான்கு வருஷமும் என் தவறெல்லாம் முதலாளியின் கையெழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்த இரண்டு வருஷப் படிப்பில் நான் வரைந்த அரங்கமும் நூலகமும் எங்கேயும் எழும்பப் போவதில்லை. ஆனால், தப்பாகக் கையெழுத்துப் போட்டாலும் எவர் தலையிலும் எதுவும் விழாத ஓர் இடத்தை அந்தப் படிப்பு எனக்குக் கொடுத்தது. அங்கேயே ஒரு தடவை போட்டுத் தொலைத்ததால்தான் கிள்ளானில் போடாமல் தப்பித்தேன்.

கதவு மாறியது. போய்ப் பார்த்தேன், திறந்து பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். பள்ளி திறந்த முதல் வாரம், தீப்பிடித்தால் வெளியேறுவதற்கான பயிற்சி. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள் — டீச்சர்தான் கூப்பிட்டார், மாமா இல்லை. சந்தில் நின்றோம். மாமா நாலடி தள்ளி நின்றார். மேலே மணி அடித்தது. சின்னச் சின்னக் காலடிச் சத்தம் படியில் இறங்கி வந்தது. கதவு மெல்ல அசைந்தது. ரெட்டை ஜடை போட்ட ஒரு குட்டி, இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு முதலில் வெளியே வந்தாள். அவள் பின்னால் மற்றவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே கொட்டினார்கள்.

மாமா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, உள்ளே போய், அந்தக் கதவைத் தானே ஒரு தடவை சாத்தி, தள்ளிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

எங்கள் குடும்பத்தில் மன்னிப்புக்கு வேறு வார்த்தை கிடையாது. நான் அப்போதுதான் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன்.

"இன்னும் இல்ல மாமா" என்றேன்.