பெயின்ற் அடித்த எர்த் கம்பி

சிலாவத்துறைப் பக்கம் ஒரு பெற்றோல் செட்டுக்கு நான் பொறுப்பு. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் கடற்தொழிலாளர்கள். எண்ணெய் கொண்டுவரும் பவுசர் லொறி பிந்தினால் கான்களோடு வரிசையில் நின்று என்னைத்தான் திட்டுவார்கள். அது எனக்குப் பழகிவிட்டது.

அன்றைக்கும் அப்படித்தான். சில நாளாகப் பெற்றோல் இல்லை, படகெல்லாம் கரையில். சோழகக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தபோது பவுசர் வந்தது. ட்றைவர் பவுசரின் எர்த் கிளிப்பை நிலத்தில் இறக்கியிருந்த கம்பியில் மாட்டிவிட்டுக் குழாயைத் தூக்கினார்.

"கிளிப் போட்டாச்சு அக்கா. குழாயைப் பூட்டட்டோ?"

"பொறுங்கோ."

கம்பியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல்நாள் வரை வெறும் செம்பாக இருந்தது, இப்போது பச்சைப்பசேலென்று மினுங்கியது. எங்கள் கரையில் உப்புக்காற்றுக்குப் பயந்து கேற், சைக்கிள் கரியர் என்று கண்டதற்கெல்லாம் பெயின்ற் அடிப்பார்கள். பெருநாள் வருகிறதென்று முதலாளி ஆள் பிடித்து செட் முழுக்க அடிப்பித்திருந்தார். கம்பியும் தப்பவில்லை.

மின் ஓடுமா என்று மீற்றர் வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை.

குழாயில் பெற்றோல் ஓடும்போது மின்னேற்றம் உண்டாகும். அது கிளிப் வழியாக நிலத்துக்குள் இறங்க வேண்டும். நடுவில் பெயின்ற் நின்றால் பவுசரிலேயே தேங்கும். செட்டின் நிலத்தடித் தாங்கி வாயில் ஒரு சின்னப் பொறி போதும், ஆவி பற்றிவிடும். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கிட்டத்தான் நின்றார்கள்.

வரிசையில் சத்தம் கூடியது. முதலாளி நானா ஓடிவந்தார்.

"என்ன தங்கச்சி, சனம் வெயிலுக்க காயுது. கிளிப்தான் மாட்டியிருக்கே?"

"பெயின்றில மாட்டியிருக்கு, நானா. இப்பிடி இறக்க விடமாட்டன்."

"செட் என்ர."

"ஓம். எரிஞ்சாலும் உங்கடதான்."

அவர் திரும்பி வரிசையைப் பின்னுக்கு நகர்த்தப் போனார். பவுசரில் ஒரு மூடியும் திறக்க விடாமல், கம்பியைக் கத்தியால் செம்பு தெரியச் சுரண்டினேன். கிளிப்பைத் திரும்பப் போட்டதும் முள் ஓடியது. படகுகள் அன்று பிந்தித்தான் கடலுக்குப் போயின. ஆனால் போயின.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கிளிப் மாட்டியிருக்கிறதா என்று கேட்காதீர்கள், செம்பைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த பெருநாளுக்கும் பெயின்ற் அடித்தார்கள். முதலாளி கம்பிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, வேலை முடியும்வரை எழும்பாமல் இருந்தார்.

"மற்றதெல்லாம் அடியுங்கோ," என்றார் பெயின்ற்காரரிடம். "இதில ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தப் பிள்ளை என்ர செட்டையே பூட்டிப்போடும்."

பூட்டியிருப்பேன்தான்.