டிரா ஆன ஆட்டமும் ஐந்தே முக்கால் பஸ்ஸும்

தேசியக் கால்பந்துக் கோப்பையின் தேர்வு ஆட்டங்களுக்குப் போகிறவர்கள் எனக்கு எழுதி யோசனை கேட்கிறீர்கள். நல்ல ஆளைப் பிடித்தீர்கள்! எழுபதுகளின் தொடக்கத்தில், இரண்டு வருடம் மழை பொய்த்த பிறகு வந்த மாசியில், திருச்சுழிக் குழுவை மதுரைக்கு அழைத்துப்போய்க் கெடுத்த கேப்டன் நான்.

கோப்பை சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது. மாநிலத்துக்கு ஓர் அணி. ரயில்வேக்கும் ராணுவத்துக்கும் தனி அணிகள். வங்காளத்துக்காரர்கள்தான் அதிகம் தூக்கிப்போனார்கள். இறுதி ஆட்டம் டிரா ஆனால் இன்னொரு நாள் மறுபடி ஆடுவார்கள் என்று பேப்பரில் படித்திருந்தோம். எங்கள் பக்கமும் அப்படித்தான். வீரசோழனிலோ நரிக்குடியிலோ வற்றிய கண்மாய்க்குள் ஆடுவோம். டிரா என்றால் கைகொடுத்துவிட்டு மறுநாள் வருவோம்.

மதுரையில் ஜெயிக்கும் குழுவிலிருந்துதான் மாநில அணியின் முகாமுக்கு ஆள் எடுப்பார்கள். எங்கள் கோல்கீப்பர் அந்தோணி அதை நம்பித்தான் வந்தான். நரிக்குடியில் அவன் வீட்டுக் கேப்பை கருகிவிட்டது, ஆடுகளையும் விற்றாயிற்று. மாநில அணியில் இடம் கிடைத்தால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்றிருந்தான்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அருப்புக்கோட்டை பதினைந்து கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை ஐம்பது. ஆளுக்கு இரண்டு ரூபாய். வழியெல்லாம் வெடித்த கரிசல்தான், பார்க்க ஒன்றுமில்லை.

பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம்தான்; நான்கு மணிக்குத் தொடங்கிய ஆட்டம் ஐந்து இருபதுக்கு முடிந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. அந்தோணி ஒரு பெனால்டியையே பிடித்திருந்தான்.

"ஏலே, ஓடுங்கலே! அஞ்சே முக்கா பஸ்ஸ விட்டா அருப்புக்கோட்டையில திருச்சுழி வண்டி கிடைக்காது," என்று கத்தினேன். சட்டைகூட மாற்றாமல் ஓடினோம்.

மறுநாள் அதே காலை பஸ்ஸில் அதே தூரம் மறுபடி மதுரைக்குப் போனோம். மைதானத்தில் காவல்காரர் மட்டும் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மறு ஆட்டத்துக்கு வந்திருக்கிறோம் என்றேன்.

"என்ன மறு ஆட்டம்? பைனலுக்குத்தான் அதெல்லாம். மத்ததுக்கு டிரா ஆனா அப்பவே எக்ஸ்ட்ரா டைம். விசிலு ஊதி ஊதிப் பாத்தாக, ஒங்க ஆளுகளக் காணோம். எதிர்த்து ஆடுனவுக ஜெயிச்சதா எழுதிட்டாக."

"நான் ஒரு கோலுகூட விடலையேண்ணே," என்றான் அந்தோணி. அவரிடமே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"அதுக்கு நான் என்னப்பா செய்ய?" என்று அவர் கோடு போடப் போய்விட்டார்.

ஆகவே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். விதித்தாளைக் கேட்டு வாங்கி, டிரா ஆனால் என்ன என்பதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், படுக்க இடம் பார்த்துவிட்டுப் போங்கள். நடுவர் அனுப்பும்வரை மைதானத்தை விட்டு நகராதீர்கள்.

அந்தோணி அந்த மாதமே பம்பாய்க்கு ஓட்டல் வேலைக்குப் போனான். பிறகு பந்தைத் தொட்டதாகக் கேள்விப்படவில்லை. "ரூல்ஸு யாருக்குத் தெரியும்? நீங்க என்ன செய்வீகண்ணே," என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

டிரா ஆன அன்று நாங்கள் மைதான வாசலைத் தாண்டும்போது பின்னால் விசில் கேட்டது. மூன்று முறை கேட்டது. இனிமேல் என்ன விசில் என்று நான்தான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். அதை அவனிடம் நான் சொல்லவே இல்லை.