மாரிக்கு முன் ஒரு கூரை

எங்கள் ஊரில் திருமணத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்னர் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். சாய்ந்தமருதிலும் அதைச் சுற்றியுள்ள கரையோர ஊர்களிலும் மணமுடித்த பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். ஆகவே பெண்ணுக்கென்று ஒரு வீடு எழும்ப வேண்டும், அதற்குக் கூரை வேண்டும், அதன் பிறகே நிக்காஹ். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இந்த வழக்கத்துக்கு எதிராக மேடையேறிப் பேசியவள் நான். பெண்ணைப் பெற்ற ஒரே காரணத்துக்காக ஒரு தகப்பன் ஏன் கல்லோடும் மண்ணோடும் மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்டுக் கைதட்டலும் பெற்றிருக்கிறேன். பட்டத்தோடு ஊர் திரும்பியபோது எங்கள் வளவின் கிழக்குப் பக்கத்தில் எனக்கான வீட்டின் சுவர் இடுப்பளவுக்கு எழுந்து நின்றது.

பெருந்தொற்று வந்ததும் அந்தச் சுவர் அப்படியே நின்றுபோனது. ஊரடங்கு, தளர்வு, பயணக் கட்டுப்பாடு, மறுபடியும் ஊரடங்கு என்று மாதங்கள் புரண்டன. சீமெந்து கிடைத்த வாரத்தில் மணல் வரவில்லை. மணல் வந்த வாரத்தில் மேசன்மாருக்கு வீதித் தடையைத் தாண்ட அனுமதியில்லை. எங்கள் மேசன் அண்ணன் சொறிக்கல்முனையிலிருந்து சைக்கிளில் வருபவர். வேலை நின்ற நாட்களில் அவர் வயல் வெட்டப் போனார். அவரோடு வந்த கையாட்கள் விறகு வெட்டினார்கள். கடற்கரை வீதியில் நடந்தால் இரு பக்கமும் பாதியில் நின்ற வீடுகள். வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பிகளில் உப்புக் காற்று பட்டுத் துரு ஏறியிருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அவை வெறும் கட்டடங்கள். எங்களுக்கோ ஒவ்வொரு பாதி வீட்டுக்குள்ளும் ஒரு திருமணம் காத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் வருடத்து ஊரடங்கு தளர்ந்தபோது மாரி மழைக்கு அதிக காலம் இருக்கவில்லை. வாப்பாவும் மேசன் அண்ணனும் ஓட்டமாய் ஓடினார்கள். சுவர் எழும்பியது, முட்டுக் கொடுத்துப் பலகை அடித்தார்கள், பலகையின் மேல் கம்பி கட்டினார்கள். இனிக் கொங்கிறீட் போட்டுக் கூரைத் தட்டை மூடுவது மட்டுமே மிச்சம். அதை ஒரே நாளில், இடையில் நிறுத்தாமல் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் பழையதும் புதியதும் சரியாக ஒட்டாது. அந்தப் பொருத்து வழியாக வீட்டின் ஆயுள் முழுவதும் தண்ணீர் கசியும். மழைக்குள் அகப்பட்டால் சீமெந்துப் பால் கழுவுண்டு போகும். தவறவிட்டால் மாரி முழுவதும் பலகை நனைந்து ஊதும், கம்பி மேலும் துருவேறும், திருமணம் அடுத்த வருடத்துக்குத் தள்ளும். அதற்குள் இன்னோர் ஊரடங்கு வராதென்று யார் சொல்வது?

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் தயங்கினேன். எங்கள் கூரைக்காக ஒரு கூட்டம் கூடி, அதிலிருந்து ஒரு வீட்டுக்கு நோய் போனால் அந்தக் கணக்கை யாரிடம் கொடுப்பது? சுகாதாரப் பரிசோதகரிடம் நானே போய்ப் பேசினேன். குறிப்பிட்ட அளவு ஆட்கள், முகக்கவசம், இடைவெளி என்ற நிபந்தனைகளோடு அனுமதி தந்தார். வழக்கமாகக் கொங்கிறீட் போடும் நாளில் உறவினர்களெல்லாம் திரண்டு வருவார்கள். பெரிய சகன் தட்டில் சோறு வைத்து வட்டமாக இருந்து ஒன்றாய்ச் சாப்பிடுவார்கள். இம்முறை சகன் கிடையாது, சோற்றுப் பார்சல்தான் என்று அறிவித்தேன். கேற்றடியில் சவர்க்காரமும் தண்ணீர்த் தொட்டியும் வைத்தேன். முகக்கவசம் இல்லாதவர் எவராயினும் வளவுக்குள் வர முடியாது.

"கொங்கிறீட் போடப் போறமா, ஒப்பரேசன் செய்யப் போறமா?" என்றான் என் மாமா மகன். கரைவலை இழுக்கிறவன், அவனுடைய வாய்க்கு எந்தக் கவசமும் போதாது.

"மூக்குக்கு மேல போடு மச்சான்."

"மூக்க மூடினா மீன் வாசமே வராதேகா. நான் எப்படி உசிரோட இரிக்கிற?"

கொங்கிறீட் நாளன்று விடியற்காலையிலேயே முதல் இடி விழுந்தது. வருவதாக இருந்த உறவினர் இருவரின் பக்கத்து வீட்டில் ஒருவருக்குத் தொற்று. இரண்டு பேரும் வீட்டுக்குள் இருக்க வேண்டியதாயிற்று. சொறிக்கல்முனையிலிருந்து வரவேண்டிய கையாள் ஒருவருக்குக் காய்ச்சல் அறிகுறி. மேசன் அண்ணன் சாரத்தை அண்ணாந்து பார்த்தார். கலவை இயந்திரம் வந்து நிற்கப்போகும் வாசலிலிருந்து தட்டு வரை, சரிவாக ஏறி நடுவில் ஒரு முறை திரும்பும் பலகைச் சாரம் அது. ஆட்கள் அதில் வரிசையாக நின்று, கலவை நிறைந்த தாச்சியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்ப வேண்டும். வரிசையில் ஒருவர் குறைந்தாலும் இடைவெளி விழும்.

"காக்கா, ஆள் காணாது. தொடங்கினா நிப்பாட்ட ஏலாது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் வாப்பாவிடம்.

வாப்பா கிழக்கே பார்த்தார். கடலுக்கு மேலே ஒரு கறுப்புத் திரள் கிடந்தது. அவர் பதில் சொல்வதற்குள் கலவை இயந்திரத்தை இழுத்துக்கொண்டு, அதை வாடகைக்கு விடும் அட்டாளைச்சேனைக்காரரின் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாசலில் வந்து நின்றது. அதன் பின்பக்கத்திலிருந்து ஒருவர் குதித்தார். மூக்குவரை ஏறிய முகக்கவசம், நெற்றிவரை இறங்கிய தொப்பி, கழுத்தில் துவாய், இடுப்பில் பழைய சாரன்.

"ஆள் தேவைப்படும் எண்டு கூட்டாளி ஒருத்தனக் கொண்டாந்தன்" என்றார் இயந்திரக்காரர், எங்கோ பார்த்தபடி.

"அல்ஹம்துலில்லாஹ்!" வாப்பாவின் முகம் மலர்ந்தது. "வாடா தம்பி, கையக் கழுவிட்டு ஏறு!"

பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் தாச்சியை வாப்பாவே தூக்கிக் கொடுத்தார். இயந்திரம் உருண்டு இரைந்தது. சல்லியும் மணலும் சீமெந்தும் சுழன்று சாம்பல் நிறச் சேறாகக் கொட்டின. மேடையில் நின்று பேசியபோது கூட இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. எதிர்த்துப் பேசிய வழக்கம்தான். ஆனாலும் தலைக்கு மேலே ஒரு கூரை உருவாகிக்கொண்டிருந்ததே!

வரிசை சீராக ஓடவில்லை. புதியவர் நின்ற இடத்தில் தாச்சி தடுமாறியது. எல்லாரும் வலக்கைப் பக்கமிருந்து வாங்கி இடப்பக்கம் கொடுக்க, அவர் மட்டும் இடக்கையை முந்தி நீட்டினார். இரண்டாம் முறை என் மச்சானின் காலில் கலவை சிந்தியது.

"என்னடா தம்பி, எந்தப் பக்கத்தால புடிக்கிற? கால்ல கொங்கிறீட் போட்டா மறுகா நான் செலயாத்தான் நிக்கணும்!"

"மன்னிச்சிக்கங்க காக்கா. எனக்கு எடங்கை."

அந்த வார்த்தை எனக்குச் சுரீரென்றது. என்னைப் பார்க்க வந்த நாளில் மாப்பிள்ளை தேநீர்க் கோப்பையை இடக்கையால் எடுத்ததும், உம்மாவின் புருவம் உயர்ந்ததும், "புள்ளைக்குச் சின்னதிலிருந்தே எடங்கை" என்று அவருடைய மாமி அவசரமாகச் சொன்னதும், அவர் கோப்பையை வலக்கைக்கு மாற்றியதும் நினைவுக்கு வந்தன. அவரும் அட்டாளைச்சேனைதான். ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர், எங்கள் வளவில், பழைய சாரனோடு, தாச்சி தூக்கிக்கொண்டு!

நிக்காஹ்வுக்கு முன்னர் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிப்பதை எங்கள் பக்கத்தில் மெச்ச மாட்டார்கள். ஊர் கண்டால் கதை வேறுவிதமாகப் போகும். சவர்க்கார வாளியைச் சாக்காக எடுத்துக்கொண்டு சாரத்தடிக்குப் போனேன்.

"அட்டாளைச்சேனையில வேல ஒண்டும் இல்லயா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் அகன்றன. பிறகு சிரித்தன.

"ஊட்டக் கேட்டு வாறதுக்கு எங்கட ஆக்கள் ஒரு வேன் நிறைய வந்தாங்க. கட்டுறதுக்கு ஒருத்தனாவது வர வேணாமா?"

"வாப்பா கண்டா?"

"மாஸ்க்கக் கழட்ட உடமாட்டீங்க எண்டுதான் கேள்விப்பட்டன். அந்தத் தைரியத்திலதான் வந்த."

மேலேயிருந்து மேசன் அண்ணன் குரல் கொடுத்தார். "எடங்கைத் தம்பி! இஞ்ச ஏறி இந்தத் திருப்பத்தில நில்லுங்க!" சாரம் திரும்பும் மூலை அது. அங்கே வரிசையின் திசை மாறுவதால் வலக்கைக்காரர்கள் உடம்பு முழுவதையும் சுழற்ற வேண்டியிருந்தது. இவர் ஏறி நின்றதும் தாச்சி அந்த மூலையில் தங்காமல் வழுக்கிப் போனது. வரிசை ஓடத் தொடங்கியது. என் மச்சான் வலை இழுக்கிற தாளத்தில் குரல் போட, மற்றவர்கள் அதற்கு ஏற்றாற்போல் கையை நீட்ட, தாச்சிகள் மேலே ஏறுவதும் வெறுமையாய்ச் சறுக்கி இறங்குவதும் கண்ணுக்கே பிடிபடாத வேகமாயிற்று.

"அந்த மூலையில நிக்கிற பொடியன் யார்ட மகன்? நல்ல வேலகாரன்!" என்று வாப்பா இயந்திரக்காரரைக் கேட்டார். இயந்திரக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. நான் அவரைத் தனியே போய் நிற்கச் சொன்னேன். அது வேறு இருமல் என்று அவர் கையால் காட்டினார்.

உண்மை முதலில் உம்மாவிடம் அகப்பட்டது. எல்லாரும் ஒவ்வொரு திசையில் தள்ளியிருந்துதான் தேநீர் குடிக்க வேண்டும் என்பது என் சட்டம். மாப்பிள்ளை சல்லிக் குவியலுக்குப் பின்னால் போயிருந்து கவசத்தை இறக்கியிருக்கிறார். உம்மா பிளேன்டீயோடு நேரே அங்கேயே போய்விட்டார்.

"யா அல்லாஹ்! மருமகன்!"

தட்டத்திலிருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. உம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, அடக்க முடியாத சிரிப்பும் இருந்தது.

"ஒனக்குத் தெரியுமா?"

"இப்பதான் தெரியும்."

"கொங்கிறீட் முடியிற வரைக்கும் வாயத் தொறந்திராத. வாப்பா அறிஞ்சா மனிசனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அந்தப் புள்ளையக் கதிரையில இருத்திப்போட்டு வேலய நிப்பாட்டிருவார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சீனி போடாமக் குடுத்திட்டன்கா" என்று கவலைப்பட்டார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னர் கடைசித் தாச்சி ஏறியது. மேசன் அண்ணன் மட்டப்பலகையை இழுத்து இழுத்துத் தட்டின் முகத்தைச் சமன் செய்துகொண்டிருந்தார். ஆரவாரம் எழுந்து அடங்குவதற்குள் காற்று திசை மாறியது. கடற்பக்கமிருந்து வந்த முதல் துளி என் கையில் விழுந்தது.

"பொலித்தீன்!" என்று கத்தினார் மேசன் அண்ணன்.

எல்லாரும் ஒரே நேரத்தில் சாரத்தில் ஏறினார்கள். இடைவெளி பற்றிய என் சட்டம் அந்தக் கணத்தில் காற்றோடு போயிற்று. அதன் பின் இரண்டு வாரமும் வந்தவர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் தொலைபேசி எடுத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எவருக்கும் ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் அன்று, அந்த மழைக்குள், நானும் கத்திக்கொண்டுதான் நின்றேன்: "அங்கால புடிங்க! பறக்குது, பறக்குது!"

தட்டைச் சுற்றிலும் சாரக் கம்புகளின் மேல் பரப்பியிருந்த பலகைகளில் நின்று பொலித்தீன் விரிப்பை ஆளுக்கொரு பக்கமாய் இழுத்தார்கள். நான்கு மூலைகளில் ஒன்றில் வாப்பா. நேர் எதிர் மூலையில் இடக்கைக்காரர். மழை சடசடவென்று இறங்கியது. நனைந்த முகக்கவசம் மூக்கோடும் வாயோடும் ஒட்டி மூச்சை அடைத்திருக்க வேண்டும். அவர் தோளால் உரசி அதைத் தாடைக்குக் கீழே தள்ளினார்.

வாப்பா நிமிர்ந்து பார்த்தார். மழைத்துளி வழியும் கண்களைச் சுருக்கி மறுபடியும் பார்த்தார். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். உம்மா என் தோளைப் பற்றினார்.

காற்று விரிப்பைத் தூக்கியது. அந்த மூலையை விட்டால் ஈரமான தட்டின் மேல் மழை அப்படியே கொட்டும்.

"மருமகன்!" என்றார் வாப்பா, மழைச் சத்தத்துக்கு மேலே. "காத்துக்கு உட்ராதீங்க! இறுக்கிப் புடிங்க!"

"ஓம் மாமா!"

இருவரும் இழுத்தார்கள். விரிப்பு பறையைப் போல விறைத்து, மழையை விளிம்புக்கு வெளியே வழித்துவிட்டது. மேசன் அண்ணன் ஓரங்களில் கல் வைத்து அழுத்தினார்.

நான் முட்டுக்களுக்கு நடுவே குனிந்து, எங்கள் முன்னறையாகப் போகிற இடத்துக்குள் நுழைந்தேன். பலகை இடுக்குகளில் கலவையின் ஈரம் மட்டும் கசிந்திருந்தது. மேலே வாப்பா மருமகனின் தேநீருக்குச் சீனி போடச் சொல்லிச் சத்தம் வைத்துக்கொண்டிருந்தார். வெளியே வெள்ளமாய் மழை. நான் இரு கைகளையும் விரித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஒரு துளி மழையும் உள்ளே விழவில்லை.